கொட்டகைக்கு வெளியே நின்ற சைக்கிள்

1

இந்த ஐப்பசியோடு நான் கொல்லிமலையை விட்டு இறங்கி இருபது வருஷம் ஆகிறது. அரியூர் நாட்டில் என்னை நினைவு வைத்திருக்கும் நாலு பேருக்கும் எழுத்து வாசனை கிடையாது. சேந்தமங்கலம் சந்தைக்கு அவர்கள் சாமை மூட்டையோடு இறங்கும்போது யாராவது இதைப் படித்துக் காட்டினால் புண்ணியமாகப் போகும். நான் உயிரோடுதான் இருக்கிறேன், மலாயாவில் ஒரு கல்லூரியில் சைக்கிள்களுக்கு அதிகாரியாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள். சிரிப்பார்கள். சக்கரம் என்ற ஒன்றே ஏறாத மலையில் பிறந்தவனுக்கு இப்படி ஓர் உத்தியோகம் என்றால் யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும்.

அதிகாரி என்பது நானாகச் சூட்டிக்கொண்ட பெயர். கல்லூரியில் நான் இரண்டாம் கிராணி. குமாஸ்தாவை இங்கே கிராணி என்பார்கள். வாத்தியார் வேலைக்குப் பழக்கும் கல்லூரி இது. நூற்றுக்கு மேல் மாணவர்கள், அதில் பாதிப் பேர் சைக்கிளில் வருகிறவர்கள். இந்த வருஷம் ஆடியில் ஒருவன் சைக்கிளோடு நேராக ஆபீஸ் வராந்தாவில் ஏறி, பிரின்சிபால் துரையின் மேல் மோதி நின்றான். துரைக்கு முழங்காலில் சிராய்ப்பு. அந்தச் சிராய்ப்பிலிருந்து பதினான்கு விதிகள் பிறந்தன.

விதிகளைத் துரை இங்கிலீஷில் எழுதினார். தமிழில் பெயர்த்துப் பலகையில் எழுதியது நான். ஆபீஸில் நம்பர் வாங்கி, அந்தத் தகட்டைப் பின் சக்கரத்துக்கு மேலே மாட்ட வேண்டும். மணி வேண்டும், விளக்கு வேண்டும். வாசலுக்குள் வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ஒரு சைக்கிளில் இரண்டு பேர் கூடாது. முகப்பில் துரையின் மோட்டாரும் ஆசிரியர்களின் மோட்டார்களும் மட்டுமே நிற்கலாம். மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் மாணவன் தகப்பனார் கையெழுத்தோடு தனி அனுமதி வாங்க வேண்டும். சைக்கிளை மரத்திலோ சுவரிலோ சாய்க்கக் கூடாது, கொட்டகையில்தான் விட வேண்டும். காலை ஏழரைக்குக் கொட்டகை பூட்டப்படும். அதன்பின் மத்தியானம் வரை யாருக்காகவும் திறக்கப்படாது. வெளியே நிற்கும் சைக்கிளின் நம்பர் குறிக்கப்படும். மூன்று முறை குறிக்கப்பட்டால் சைக்கிள் அனுமதி ரத்து.

கொட்டகைச் சாவி என்னிடம். ஏழரைக்குப் பூட்டுவது நல்லது என்று துரைக்கு யோசனை சொன்னவனும் நான்தான். எனக்கு எதற்காகவும் காத்திருக்கப் பிடிக்காது. நாற்காலியில் அரைமணி சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. கால் தானாக ஆடும். முதலாம் கிராணி என் மேசைக்கடியில் எட்டிப் பார்த்து, "அந்தக் காலைக் கட்டிப் போடுங்கள்" என்பார். ஐப்பசி பிறந்துவிட்டால் இது இன்னும் மோசமாகும்.

2

எங்கள் மலைப்பாதை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு ஆள் நடக்கும் அகலம். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். தலையில் சுமை இல்லாமல் அதில் போகிறவர்கள் குறைவு. அதனால் எங்களுக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. நடக்கும்போது திரும்பிப் பார்க்க மாட்டோம். கழுத்தைத் திருப்பினால் சுமை சாயும். பின்னால் வருகிறவனோடு பேசுவதும் முன்னே பார்த்தபடிதான். இரண்டாவது, முன்னே போகிறவனை முந்த மாட்டோம். வழிவிட வேண்டும் என்று அவனுக்கே தோன்றினால் பாறையோரம் ஒதுங்கி, சுமையைச் சாய்த்து நின்று, "போ சாமி" என்பான். அவன் சொல்லும் வரை பின்னால் வருகிறவன் பின்னால்தான். வழிவிடச் சொல்லிக் கேட்கவும் கூடாது.

சுமை போய் இருபது வருஷம் ஆன பிறகும் என் கழுத்து அந்தப் பழக்கத்தை விடவில்லை. பின்னால் லாரி வந்து ஹாரன் அடித்தால் ஓரம் போவேனே தவிரத் திரும்ப மாட்டேன். சைக்கிளும் விடத் தெரியாது. வீட்டிலிருந்து கல்லூரிக்கு நாலு மைல், காலை ஆறேகாலுக்குப் புறப்பட்டால் ஏழரைக்கு வாசலில் இருப்பேன். சைக்கிள் அதிகாரி நடந்து வருகிறார் என்று மாணவர்கள் கேலி செய்வது எனக்கும் தெரியும்.

நான் மலையிறங்கிய காலையில் அப்பா முன்னே போனார். தலையில் சாமை மூட்டை. நான் துணி மூட்டையோடு பின்னால். சேந்தமங்கலத்தில் ஒரு வியாபாரியின் வண்டி சேலம் ரயிலடிக்குப் புறப்படக் காத்திருந்தது. வெயில் ஏறுவதற்குள் வராவிட்டால் விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று அவர் சொல்லியிருந்தார். அந்த வண்டி போனால் நாகப்பட்டினத்தில் கப்பலும் போய்விடும். அப்பா மெதுவாகத்தான் நடந்தார். முதல் நாள் மழையில் பாதை வழுக்கிற்று. ஆனால் எனக்கு அது அப்படிப் படவில்லை. நான் போகக் கூடாது என்பதற்காகவே இவர் நத்தை மாதிரி ஊர்கிறார் என்று பட்டது. நான் இருமினேன், காலைத் தேய்த்தேன், கல்லை உருட்டினேன். அவர் ஒதுங்கவில்லை.

ஒரு வளைவில் பொறுக்க முடியாமல் பாறைக்கும் அவருக்கும் நடுவே புகுந்து முந்திவிட்டேன். என் தோள் மூட்டையில் இடித்தது. மூட்டை வாய் நெகிழ்ந்து சாமை கொட்டும் சத்தம் கேட்டது. அவர் காலை ஊன்றி நின்றுகொண்ட சத்தமும் கேட்டது. பிறகு முதுகுக்குப் பின்னால் அவர் குரல்.

"போ சாமி."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடினேன். வண்டி கிடைத்தது. நாலு வருஷம் கழித்து, அவர் காலமாகிவிட்டார் என்று சேந்தமங்கலத்துக் கடைக்காரர் ஒருவர் கைப்படக் கடுதாசி வந்தது. மலைப்பாதையில் அந்த வார்த்தையை அப்பா எந்த முகத்தோடு சொன்னார் என்று எனக்குத் தெரியாது. முந்திய பிறகு சொன்ன வார்த்தை கோபமாகத்தானே இருக்கும். அப்படியே எடுத்துக்கொண்டு இருபது வருஷம் ஓட்டிவிட்டேன்.

3

எனக்கு ஒரே மகள். அப்பாவின் அம்மா பெயரைத்தான் அவளுக்கு வைத்தேன், பாவாயி என்று. கல்லூரியில் சேரும்போது அவளாகவே பார்வதி என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். பதிவேட்டில் அந்தப் பெயரை என் கையாலேயே ஏற்ற வேண்டி வந்தது.

"பாவாயின்னா இங்க யாருக்கும் வாயில வரலப்பா. சீனத்தி ஒருத்தி பாய் பாய்னு கூப்பிடறா," என்றாள்.

"அதுக்காகப் பேரையே மாத்துவியா?"

"தாப்பா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மலாய்க்காரர்கள் பரவாயில்லை என்பதை அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் வீட்டில் பாதிப் பேச்சு இந்த ஒரு வார்த்தையில் முடிந்துபோகும். நான் ஊரைப் பற்றி ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் தலையை ஆட்டிக்கொண்டே சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பாள்.

அவளுக்குச் சைக்கிள் இல்லாவிட்டால் படிப்பு இல்லை. காலையில் கல்லூரி. மத்தியானம் அங்கிருந்து மூன்று மைல் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திப் பழக வேண்டும். ஒரு மணிக்கு இங்கே விட்டு ஒன்றரைக்கு அங்கே இருக்க வேண்டும், நடந்து முடியாது. பாடம் நடத்திய நாட்கள் குறைந்தால் பரீட்சைக்கு உட்கார விட மாட்டார்கள். இந்த மார்கழியோடு அவளுக்குப் படிப்பு முடிகிறது.

எங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு இரண்டு வழிகள். நான் போவது கடைத்தெரு வழி, நாலு மைல். அவள் போவது ஆற்றங்கரை வழி, ஒரு மைல் கூடுதல், அதுவும் மண் பாதை. நேர்வழியை விட்டுவிட்டு இவள் ஏன் சுற்றிப் போகிறாள் என்று ஆரம்பத்திலிருந்தே எனக்கு உறுத்தல். தெருவில் நடந்து போகும் தகப்பனைச் சைக்கிளில் கடந்து போகும்போது கூட வரும் சிநேகிதிகள் பார்த்துவிடுவார்கள், அது அவளுக்கு வெட்கம். எனக்கு வேறு காரணம் எதுவும் தோன்றவில்லை. ஒரு தடவை கேட்டேன்.

"அந்தப் பக்கம் காத்து நல்லா வருதுப்பா," என்றாள்.

காற்றாம்.

4

புரட்டாசியில் ஒரு நாள் காலை பூட்டிவிட்டு ஆபீஸில் போய் உட்கார்ந்தேன். அரைமணி கழித்து எழுந்து ஒரு சுற்று வந்தால், கொட்டகைச் சுவரில் ஒரு சைக்கிள் சாய்ந்து நிற்கிறது. நம்பர் பதினேழு. என் மகளுடையது. முதல் முறை என்று குறித்தேன். சாயங்காலம் கேட்டேன்.

"லேட்டாயிருச்சுப்பா."

"வழியில என்ன வேடிக்கை?"

சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டாள். பத்து நாள் கழித்து அதே பதினேழு, அதே சுவர். இரண்டாம் முறை. அன்று நான் கத்தினேன். மற்றவர்களுக்கென்று ஒரு விதி, என் மகளுக்கென்று ஒரு விதி கிடையாது, இன்னொரு தரம் நின்றால் என் கையாலேயே எழுதுவேன் என்றேன். அவள் அம்மா அடுப்படியிலிருந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மகள் அம்மாவைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை அசைத்தாள். இருவருக்கும் ஏதோ தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் இந்த வீட்டில் இடமில்லை என்று நினைத்துக்கொண்டு முற்றத்தில் முன்னும் பின்னும் நடந்தேன்.

ஐப்பசி முதல் செவ்வாய்க்கிழமை மூன்றாம் முறையும் நின்றது. நல்ல மழை. இருக்கையும் கைப்பிடியும் நனைந்து, சக்கரங்களில் சேறு. பூட்டைத் திறந்து உள்ளே தள்ளிவிட்டால் யாருக்கும் தெரியாது. சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. நான் அப்படிச் செய்யவில்லை. நேர்மை என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால் அதில் பாதி கோபம். பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, துரையின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

துரை கண்ணாடியை மாட்டிப் படித்தார். "இது உம் மகள் அல்லவா?" என்றார். ஆமாம் என்றேன். வெள்ளிக்கிழமைக்குள் அவள் எழுத்தில் காரணம் கொடுக்கலாம், தகுந்த காரணம் இல்லாவிட்டால் அனுமதி ரத்து என்றார்.

அவள் அன்றே எழுதிக் கொடுத்துவிட்டாள். ஒரே ஒரு வரி: தாமதத்துக்கு வருந்துகிறேன். காரணத்துக்கென்று விட்டிருந்த இடம் காலியாகக் கிடந்தது.

5

கடைத்தெரு முடிகிற இடத்தில் ரயில்வே கேட். கேட்டுக்குப் பக்கத்தில் செல்லாயி அக்காவின் இட்டிலிக் கடை. சேந்தமங்கலத்துக்காரி. புருஷனோடு கப்பலேறி வந்து, அவர் போன பிறகும் ஊர் திரும்பாமல் இட்டிலி வைத்து வாழ்கிறவள். தினமும் அங்கே ஒரு காப்பி குடிப்பேன், நின்றபடியே. வியாழக்கிழமை என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளாகவே கேட்டாள்.

"ஏனுங்க கிராணி, மூஞ்சி ஏன் இப்படிக் கெடக்குது?"

சொன்னேன். மகள் கையை விட்டுப் போய்விட்டாள், ஊரும் தெரியவில்லை, தகப்பனும் தெரியவில்லை, இப்போது படிப்பும் போகப் போகிறது என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"அந்தப் புள்ளை லேட்டா வருதுன்னா எழுதுனீங்க?"

"பின்னே?"

"ஏனுங்க, மழை நாள்ல அது உங்களுக்குப் பின்னாடியேதானுங்க வருது. நானே கண்ணால பாத்திருக்கறேன். இந்தக் கேட்டு வரைக்கும் சைக்கிள்ல வரும். நீங்க முன்னால போறது தெரிஞ்சதும் எறங்கிரும். அப்புறம் தள்ளிக்கிட்டே நடக்கும், நனைஞ்சுக்கிட்டு. நீங்கதான் திரும்பியே பாக்கறதில்லையே."

"என்னத்துக்கு?"

"எனக்கென்ன தெரியுமுங்க. ஒரு நா நானே கேட்டேன், ஏன் கண்ணு, ஒரு மிதி மிதிச்சா காலேசு வந்துருமேன்னு. எங்கப்பாவ முந்தக் கூடாதுங்க அக்கான்னு சொல்லிட்டுப் போயிருச்சு."

காப்பியைக் குடித்தேனா கீழே வைத்தேனா என்று நினைவில்லை. ஆபீஸுக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்தேன். மூன்று தேதிகளுக்கும் நேராக, என் கையெழுத்திலேயே, மழை என்று குறிப்பு இருந்தது. மழை பெய்தால் ஆற்றங்கரை வழியில் தண்ணீர் ஏறிவிடும். அந்த நாட்களில் மட்டும் அவளுக்குக் கடைத்தெரு வழியைத் தவிர வேறு கிடையாது. முந்திப் புறப்படவும் முடியாது. தெருக்குழாயில் ஆறரைக்குத்தான் தண்ணீர் வரும், அம்மாவுக்கு இரண்டு குடம் பிடித்து வைத்துவிட்டுத்தான் அவள் கிளம்புவாள். அப்போது நான் ஒரு மைல் போயிருப்பேன்.

நான் வாசலில் நுழைந்ததும் நேரே போய்க் கொட்டகையைப் பூட்டுவேன். அவள் மரத்தடியில் நின்று, நான் ஆபீஸுக்குள் போன பிறகு வந்து சுவரில் சாய்த்திருக்கிறாள்.

6

சாயங்காலம் அவள் முற்றத்தில் சக்கரத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் போய் நின்றேன்.

"செல்லாயக்கா சொன்னா," என்றேன்.

துணியைப் பிழிந்தாள்.

"ஏன் எழுதிக் குடுக்கல? காரணம்னு எடம் விட்டிருந்துதே."

"என்னன்னு எழுதறது? தொரைக்குப் புரியுமா?"

"எனக்காவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க நடக்கறத விட்டுருவீங்க. இல்லாட்டி ஓடுவீங்க." பிறகு சக்கரத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "நான் ரெண்டாங்கிளாஸ் படிக்கறப்ப உங்க அப்பார முந்திப் போன கதையச் சொன்னீங்க. சொல்லிட்டு அன்னிக்கு நீங்க சாப்புடல. ரெண்டு நாள் யார்கிட்டயும் பேசல. நான் மணியடிச்சிட்டு உங்களத் தாண்டிப் போனா, உங்களுக்கு அதுதான் நெனப்பு வரும்."

அதற்காகவா ஆற்றங்கரை வழி என்று கேட்டேன். ஆமாம் என்று தலையை ஆட்டினாள். இரண்டு வருஷமாக, தினமும் ஒரு மைல் கூடுதலாக, என்னைக் கடக்காமல் இருப்பதற்காக. எங்கள் மலையை அவள் படத்தில்கூடப் பார்த்ததில்லை. மகள் ஊரை மறந்துவிட்டாள் என்று எத்தனை பேரிடம் புலம்பியிருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் அம்மா வாசற்படியில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் துரையிடம் போனேன். எனக்கு ஆபீஸ் இங்கிலீஷ் வரும். பாதை, சுமை, அப்பன் இதையெல்லாம் அந்த இங்கிலீஷில் சொல்ல வரவில்லை. மேசைமேல் பென்சிலையும் ரப்பரையும் ஒன்றன்பின் ஒன்றாக வைத்து நகர்த்திக் காட்டினேன். துரை பொறுமையாகப் பார்த்தார். இது எழுத்தில் இருக்கும் விதியா என்று கேட்டார். இல்லை என்றேன். மீறினால் என்ன தண்டனை என்றார். நான் ரப்பரைப் பென்சிலுக்குப் பின்னால் மறுபடியும் நகர்த்தி வைத்தேன். துரை என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"மூன்று குறிப்புகளும் அப்படியே இருக்கும், அடிக்க மாட்டேன். அனுமதி இப்போதைக்கு நீடிக்கும். இன்னொரு முறை நின்றால் காரணம் கேட்க மாட்டேன். கிராணி, மெதுவாக நடப்பவர் நீர். திங்கட்கிழமை முதல் கால் மணி நேரம் முந்திப் புறப்படும்."

துரை சொன்னதில் தவறில்லை. கால் மணி முந்திப் புறப்பட்டால் காரியம் முடிந்துவிடும். ஆனால் அப்போதும் அவள் மழையில் தள்ளிக்கொண்டு என் பின்னால்தான் வருவாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டுக்கும் தெருக்கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

7

திங்கட்கிழமை நல்ல மழை. வழக்கம்போல ஆறேகாலுக்கே புறப்பட்டேன். ரயில்வே கேட்டைத் தாண்டினேன். செல்லாயி அக்கா கடைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். கொஞ்ச தூரத்தில் ஒரு மதகு இருக்கிறது. அதன் பக்கத்தில் வந்ததும் காது கொடுத்துக் கேட்டேன். மழைச் சத்தத்துக்கு நடுவில், பின்னால், பின்சக்கரம் மெதுவாக டிக் டிக்கென்று சுற்றும் சத்தம். தள்ளும்போது மட்டும் வருகிற சத்தம் அது. இத்தனை மழைக்காலத்தில் ஒரு நாளும் என் காதில் அது விழவில்லை.

நின்றேன். மதகுச் சுவரோரம் ஒதுங்கினேன். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தேன். பிறகு திரும்பினேன். கழுத்து மட்டும் தனியாகத் திரும்பாது, உடம்போடுதான் திரும்ப முடிந்தது.

இருபது அடி தூரத்தில் அவள் நின்றுவிட்டாள். தலையில் முந்தானை, இரண்டு கையும் சைக்கிள் கைப்பிடியில். முகமெல்லாம் தண்ணீர்.

"நீங்க போங்கப்பா," என்றாள்.

எத்தனையோ சொல்ல நினைத்து வந்திருந்தேன். மணியாகிறது, கொட்டகை பூட்டுகிற நேரம், ஓடு என்றெல்லாம். வாயில் வந்தது ஒன்றுதான்.

"போ சாமி."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை என் காதில் விழுந்தது. அதில் கோபம் இல்லை. தேடிப் பார்த்தாலும் இல்லை. வழுக்கும் பாதையில் பிள்ளை விழாமல் போக வேண்டுமே என்ற பயம் இருந்தது, அதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. மழையில் நின்றபடி எங்கள் அப்பாவின் வாயிலிருந்து அதை மறுபடியும் கேட்டேன்.

அவள் தயங்கினாள். நான் கையைக் காட்டினேன். ஏறி மிதித்தாள். என்னைக் கடக்கும்போது மணியடிக்கவில்லை. சேறு என் வேட்டியில் தெறித்தது.

பத்து கஜம் போனவள் திரும்பிப் பார்த்தாள். சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடியது. அவள் மலையில் பிறந்தவள் இல்லை, திரும்பிப் பார்க்கக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனாள்.